மலாய்த் தாலி

சவரிமுத்துவைக் குழிக்குள் இறக்கும்போது நான் சிரித்துவிட்டேன். வாய்க்குள் சிரித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், சத்தமாகவே சிரித்தேன். பாதிரியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சவரிமுத்துவின் மகள் லூர்து அழுகையோடு அழுகையாக என் பக்கம் திரும்பி, "சீனியக்கா, நீங்களா இப்படி?" என்றாள். நடந்தது இவ்வளவுதான். குழிவெட்ட வந்தவன் மலாய் பேசுகிற ஆள். பெட்டியைத் தாங்கக் கயிறு பத்தவில்லை. மேலே நின்ற கூட்டாளியைப் பார்த்துக் கையை நீட்டி, "தாலி! தாலி!" என்று கத்தினான். மலாயில் தாலி என்றால் கயிறு. அவன் கேட்டதில் என்ன தப்பு?

அன்றைக்கு லூர்துவுக்கு நான் பதில் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டே சோறு தின்றுவிட்டுப் போனார்கள். போகட்டும். லூர்துவுக்கு மட்டும் நான் சொல்லியாக வேண்டும்.

கோர்ட்டுக்குப் பின்னால் கெண்டீன் வைத்து முப்பது வருஷம் நடத்தியவள் நான். என் பெயர் மாரியாயி. கெண்டீன் திறந்த முதல் நாளே கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கிற ஒரு மலாய்க் கிராணி வாசலில் நின்று, "மாரி சினி!" என்று கூப்பிட்டான். இங்கே வா என்று அர்த்தம். மலாய் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரத்தில் ஒருத்தன் என் பெயரைச் சொல்லிச் சீனி கேட்டால் நான் என்ன செய்வேன்? சீனி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தேன். அவன் முழித்தான். பக்கத்து மேசையில் வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக உட்கார்ந்திருந்தவர் கோப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவர்தான் சவரிமுத்து, கோர்ட் மொழிபெயர்ப்பாளர். அன்றிலிருந்து அவருக்கு நான் சீனி. அவர் சொல்லிச் சொல்லி ஊருக்கே சீனியக்கா ஆகிவிட்டேன்.

மாதா கோயில் மணியடிக்கிறவரின் மகன் அவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சாமியார்கள் படிக்க வைத்தார்கள். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. மீன்காரச் சீனனிடம் பேரம் பேசும் அளவுக்குச் சீனமும் வரும். ஒரு பாஷையில் ஒரு சொல் காதில் விழுந்தால் இன்னொரு பாஷையில் அது என்ன ஆகிறது என்று அவர் மூளை ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். சீனி குறைத்துக் கோப்பி கேட்கிற மலாய்க்காரர்கள் "கோப்பி கூராங் மானிஸ்" என்பார்கள். உடனே இவர் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்து, "சீனி, குரங்கு மனுசனுக்கு ஒரு கோப்பி!" என்பார். போலீசை எங்கள் ஜனங்கள் மாத்தா என்றுதான் சொல்வார்கள். இவர் வேதக்காரர் வேறே. "வீட்டுல மாதா, வெளியில மாத்தா. ரெண்டு பேருகிட்டயும் முட்டி போட்டே என் காலம் போச்சு" என்பார். சிரிக்காமல் இருக்க முடியாது. கடன்காரன் கூடச் சிரிப்பான்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்து, "ஏங்க, ஒரு நிமிசம் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நான் பேசுறதே இங்கதான் சீனி. உள்ள நான் பேசுறதெல்லாம் என் பேச்சா?" என்றார்.

அது நிஜம். கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவன் 'அவன் சொல்கிறான்' என்று சொல்லக் கூடாதாம். சொல்கிறவனாகவே மாறிச் சொல்ல வேண்டுமாம். 'நான்தான் அவளை வெட்டினேன்', 'என் மகளை நான்தான் கெடுத்தேன்', 'எனக்கு ஞாபகம் இல்லை' என்று காலை ஒன்பதிலிருந்து மாலை நாலரை வரை அடுத்தவன் பாவத்தையெல்லாம் நான் நான் என்று தன் வாயால் சொல்லிவிட்டு வருகிற மனுஷன். வந்ததும் வாய் கொப்பளிக்கிற மாதிரி இந்தச் சிலேடை. அதற்கப்புறம் நான் அவரை அடக்கவில்லை. அடக்கியிருக்க வேண்டும்.

அவருடைய சரக்கிலேயே பெரிய சரக்கு தாலிதான். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி முடிந்ததும் அவரைத் தேடிப் பிடித்து மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்ளே, இன்னைக்கு நீ இவளுக்குக் கட்டுனது தமிழ்த் தாலி. நாளையிலேருந்து இவ உனக்குக் கட்டப் போறா பாரு, அது மலாய்த் தாலி!" என்பார். மண்டபமே அதிரும். நூறு கல்யாணத்திலாவது சொல்லியிருப்பார், நூறு தடவையும் நான் சிரித்திருக்கிறேன்.

வடமலையின் கல்யாணத்திலும் அதையேதான் சொன்னார். வடமலை எங்கள் கெண்டீனுக்குப் பால் ஊற்றுகிறவன். இரண்டு மாடு, ஒரு சைக்கிள், ஆற்றோரத்தில் ஒரு பலகை வீடு, அவ்வளவுதான் சொத்து. அப்பன் ஆத்தா இல்லை. அதனால் பெண் வீட்டுக்கு நானும் சவரிமுத்துவும்தான் அவன் பக்கத்து மனுஷர்களாகப் போய் உட்கார்ந்தோம். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டு. சங்கிலிக்கு வக்கில்லை, மஞ்சள் கயிற்றில்தான் இரண்டு தங்கப் பொட்டு கோர்த்துக் கட்டினான். சவரிமுத்து மலாய்த் தாலி சொன்னதும் வடமலை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பெண்ணுக்கு மலாய் அரைகுறை. பேச்சியம்மாள் என்று பெயர். குனிந்த தலை நிமிராமல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னாங்க சொல்றாரு?" என்று கேட்டாள். "அப்புறம் சொல்றேன் புள்ள" என்றான்.

மூன்று வருஷம்தான் வாழ்ந்தார்கள். எழுபத்தெட்டாம் வருஷம், விடிந்த சற்று நேரத்தில், பேச்சியம்மாள் மாட்டுக்குப் புல் அறுக்க ஆற்றோரம் போனவள் திரும்பவில்லை. பால் ஊற்றிவிட்டு வந்த வடமலைதான் தேடிப் போய்க் கண்டான். புல்லுக்குள் கிடந்தாள். கழுத்தைச் சுற்றிக் கன்றிப் போய் ஒரு தடம். தாலியைக் காணவில்லை. உயிர் இருந்தது. மண் லாரி ஒன்றை மறித்து அவன்தான் அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

தொண்டை வீங்கி அவளால் சரியாகப் பேச முடியவில்லை. கான்ஸ்டபிள் ஜொஹாரி வாக்குமூலம் எழுத வந்தான். நல்லவன், பொறுமைசாலி, எதையும் எழுதி வைத்துக்கொள்கிற ஆள். அந்த நேரம் வார்டில் தமிழ் தெரிந்த ஒரு நர்சும் இல்லை. பேச்சியம்மாள் தனக்குத் தெரிந்த மலாயில் மூன்று சொல் சொன்னாள்: ஒரு ஆள், இழுத்தான், தாலி. தாலிக்கு மலாயில் சொல் ஏது? அதைத் தமிழில்தான் சொன்னாள். ஜொஹாரி காதில் அது கயிறு. "யாரு?" என்று கேட்டான். அவள் கதவோரம் நின்ற புருஷனைப் பார்த்து அழுதாள். கழுத்தில் தாலி இல்லாமல் புருஷன் முகத்தைப் பார்க்கிறவள் அழ மாட்டாளா? ஜொஹாரி அதையும் எழுதிக்கொண்டான். மறுநாள் காலையில் அவள் செத்துப் போனாள்.

முதல் நாள் சாயங்காலம் கன்றுக்குட்டியை விற்பதா வேண்டாமா என்று இருவருக்கும் சண்டை. அக்கம்பக்கம் கேட்டிருக்கிறது. வீட்டு முற்றத்தில் மாட்டுக் கயிறு கிடந்தது. வடமலையைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இனிமேல்தான் லூர்து நன்றாகக் கேட்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஜொஹாரி வேறு ஒரு கேசுக்காகக் கோர்ட்டுக்கு வந்தவன் கெண்டீனில் வந்து உட்கார்ந்தான். சவரிமுத்து வடை தின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் குரங்கு மனுசன் கோப்பி எல்லாம் ஆயிற்று. அப்புறம் ஜொஹாரி மலாயில் அவரிடம், "சார், உங்க பாஷையிலயும் தாலின்னு ஒரு சொல்லு இருக்குதா?" என்று கேட்டான்.

எதற்குக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தனக்குப் பிடித்த சரக்கு தானாக வந்து வாசலில் நிற்கிற குஷி. முகமெல்லாம் பல்லாக, "இருக்கே! எங்களுக்கும் அது கயிறுதான். நீங்க அதுல மாட்டைக் கட்டுவீங்க, நாங்க மாப்பிள்ளையைக் கட்டுவோம்!" என்றார்.

நான் சிரித்தேன். வடை சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜொஹாரியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதினான். அவன் எழுதுவதை நான் பார்த்தேன். வடை கருகுகிறதே என்று திரும்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கேஸ் மேல்கோர்ட்டில் வந்தது. அந்தக் காலத்தில் கொலைக் கேசுக்கு ஜூரிகள் உண்டு, ஏழு பேர். ஊர்க்காரர்கள்தான்: இரும்புக் கடைச் சீனன், மலாய் வாத்தியார், அச்சாபீஸ் வைத்திருந்த நம் ஆள் ஒருத்தர், இப்படி. வடமலைக்கென்று அங்கே வந்து உட்கார நாதியில்லை. நான் கெண்டீனைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். கூண்டில் வடமலை, பக்கத்தில் சவரிமுத்து. குற்றம் உறுதியானால் தூக்கு, வேறு தண்டனை கிடையாது.

ஜொஹாரி நோட்டைப் பார்த்துப் படித்தான். சவரிமுத்து ஒவ்வொரு வாக்கியமாகத் தாழ்ந்த குரலில் வடமலைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "அந்தப் பெண் கயிறு என்று சொன்னாள்... அவள் தமிழச்சி என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது... அதனால் நான் கோர்ட் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன்... அவர்..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது. "அவங்க பாஷையிலும் அது கயிறுதான் என்று அவர் உறுதி சொன்னார்" என்று ஜொஹாரி சொல்லி முடித்து, அவர் மொழிபெயர்க்கட்டும் என்று காத்திருந்தான். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். சவரிமுத்து அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை.

மத்தியானம் கெண்டீனுக்கு வந்தார். உட்கார்ந்ததும் கேட்டார்.

"சீனி, நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்னீங்க."

"சிரிச்சுக்கிட்டுத்தானே சொன்னேன்?"

"உங்க சிரிப்பை அவன் எழுதலியே."

"பென்ஷனுக்கு ஏழு மாசம்தான் இருக்கு சீனி" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துணியை அவர் மேல் எறிந்தேன். "அவன் கழுத்து போகப் போவுது, நீங்க பென்ஷனைப் பத்திப் பேசுறீங்களா? நாக்குல சனி வச்சுக்கிட்டு அலைஞ்சீங்களே, போய்ச் சொல்லித் தொலைங்க!" என்று கத்தினேன். என்னை நானே திட்டிக்கொண்டது அது. அவர் எழுந்து போனார். குறை சொல்லக் கூடாது, அன்றைக்கு மத்தியானமே ஜட்ஜ் முன்னால் கை கட்டி நின்று, நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். இரண்டாம் நாள் சவரிமுத்து சாட்சிக் கூண்டில் ஏறினார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கோர்ட்டில் அவர் 'நான்' என்று சொல்லித் தன்னைக் குறித்தது அன்றைக்குத்தான்.

முழுசாகச் சொன்னார். தாலி என்றால் என்ன, பேச்சியம்மாள் எதைச் சொன்னாள், வழிப்பறிக்காரன் எவனோ தாலியைப் பிடித்து இழுத்ததில்தான் கழுத்து நெரிந்திருக்க வேண்டும், தான் கெண்டீனில் சொன்னது வெறும் வேடிக்கை, எல்லாம் சொன்னார். ஜூரிகள் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். வடமலை முதல் தடவையாக நிமிர்ந்து நின்றான். எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அரசாங்க வக்கீல் எழுந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை.

"இறந்தவர் தாலியைச் சங்கிலியில் போட்டிருந்தாரா, வேறு எதிலாவதா?"

"கயிற்றில்."

"உங்கள் ஜனங்கள் அதை எப்படிச் சொல்வார்கள்?"

"தாலிக் கயிறு."

"அதை மலாயில் சொல்லுங்கள், ஜூரிக்குப் புரியட்டும்."

அவர் மொழிபெயர்ப்பாளர். கேட்டதும் மொழிபெயர்க்கிற நாக்கு. "தாலி தாலி" என்றார்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். அப்புறம் இரும்புக் கடைக்காரன். அப்புறம் கோர்ட்டே சிரித்தது. மலாய் வாத்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜட்ஜ் மேசையைத் தட்டினார். சவரிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, சிரிக்காதீங்க, நான் வேடிக்கைக்குச் சொல்லலை, சிரிக்காதீங்க" என்றார். ஊரே அவர் வாயைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஊர். அவர் கெஞ்சக் கெஞ்ச இன்னும்தான் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார். "கல்யாணங்களில் இதே சொல்லை வைத்து நீங்கள் வேடிக்கை சொல்வது உண்டு, இல்லையா?" உண்டு என்றார். அச்சாபீஸ்காரர் தலையை ஆட்டினார். அவர் மகன் கல்யாணத்திலும் இவர் சொன்னதுதான். "அப்படியானால் ஜூரிகள் எதை நம்புவது? கான்ஸ்டபிளிடம் சொன்னது வேடிக்கையா, இங்கே சொல்வது வேடிக்கையா?" என்று கேட்டுவிட்டு வக்கீல் உட்கார்ந்தார்.

தாலிப் பொட்டு இரண்டும் எந்த அடகுக் கடையிலும் கிடைக்கவில்லை. டாக்டர், தடம் கயிற்றுத் தடம்தான் என்றார். மஞ்சள் கயிறும் கயிறுதானே என்று வடமலையின் வக்கீல் கேட்டதற்கு, இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் குற்றவாளி என்றார்கள். சட்டத்துக்கு அது போதுமாம்.

தீர்ப்புச் சொல்லும் நாளில் வெளியூர் மொழிபெயர்ப்பாளர் இல்லை. அவர் வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விட்டார். சவரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். சாட்சி சொன்னவர் வரலாமா என்று வக்கீல்களுக்குள் ஏதோ பேச்சு நடந்தது. தண்டனையைச் சொல்ல மட்டும்தானே, வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். கறுப்பு டையைக் கட்டிக்கொண்டு வந்து வடமலைக்குப் பக்கத்தில் நின்றார்.

ஜட்ஜ் இங்கிலீஷில் படித்தார். சின்ன வாக்கியம்தான். படித்துவிட்டு மொழிபெயர்ப்புக்காக நிறுத்தினார். சவரிமுத்து ஜட்ஜாக மாறிச் சொல்ல வேண்டும்: நான் உன்னைச் சாகும்வரை தூக்கிலிடும்படி உத்தரவிடுகிறேன். நான் என்று ஆரம்பித்தார். "நான்..." என்றார். திரும்பவும் "நான்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

வடமலை அவர் கையைத் தொட்டான். "என்னாண்ணே சொல்றாரு?" என்றான்.

வடமலை ஜட்ஜ் முகத்தைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். பாவி மனுஷன், அந்த நேரத்திலும் இவருக்கு உதவி செய்கிற மாதிரி, மெல்லிய குரலில் கேட்டான்.

"மலாய்த் தாலிதானேண்ணே?"

சவரிமுத்து தலையை ஆட்டினார்.

குற்றவாளி என்ன சொல்கிறான் என்று ஜட்ஜ் கேட்டார். கூண்டில் நிற்பவன் பேசுவது எதையும் மொழிபெயர்க்காமல் விடக் கூடாது, அது அவர் உத்தியோகம். சவரிமுத்து நிமிர்ந்து நின்று, கயிறா என்று கேட்கிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். ஜட்ஜ் அதை எழுதிக்கொண்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை வடமலையின் காரியத்தை முடித்துவிட்டார்கள். சவரிமுத்து அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தார். எத்தனையோ கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், எதற்கும் போகவில்லை. லூர்து, உன் கல்யாணத்தில் கூடக் கோயிலுக்கு வெளியே நின்றாரே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? கெண்டீனுக்குத் தினமும் வந்து ஒரு கோப்பி குடிப்பார். சீனி என்று என்னை அவர் அதற்கப்புறம் கூப்பிட்டதே இல்லை. "மாரியாயி, கோப்பி" என்பார். நானும் வாய்விட்டுச் சிரித்து அத்தனை வருஷம் ஆகிறது. அன்றைக்குக் குழிக்காரன் தாலி தாலி என்று கத்தினானே, பழைய சவரிமுத்தாக இருந்தால் பெட்டிக்குள்ளிருந்தே ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லுவார் என்று ஒரு நிமிஷம் நான் காத்திருந்தேன் லூர்து.